திரையில் தெரியாத வயிறு

சித்தூர் மாவட்டத்து அரகொண்டா, அப்போலோ நிறுவனர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர். அங்கே 2000 மார்ச்சில் தொலைமருத்துவத்தைத் தொடங்கிவைத்தவர் பில் கிளிண்டன். கெடுபிடிக்குக் குறைவில்லை.

சென்னை நிபுணருக்குத் திரையில் எக்ஸ்ரே தெரியும், ஈசிஜி தெரியும். வயிற்றைத் தொட முடியாது. குடல்வால் அழற்சியோ என்று சந்தேகம் வந்தால் கேள்விகள்தான்: வலி தொப்புளருகே தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கியதா? அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தால் துடிக்கிறாரா? பதில் உள்ளூர் மருத்துவரின் விரல்களிலிருந்து வர வேண்டும். நோயோடு அந்த விரல்களையும் நிபுணர் எடைபோடுகிறார். சந்தேகம் தீராவிட்டால் நோயின் பெயர் அப்புறம்; விடியும்வரை பொறுக்கலாமா, இப்போதே திருப்பதிக்கு வண்டி ஏற்றலாமா என்பதே கேள்வி. நேரில் பார்த்தாக வேண்டுமா என்ற முடிவை 2020-இல் வந்த மத்திய வழிகாட்டு நெறிகளும் மருத்துவரிடமே விட்டிருக்கின்றன.