பட்டதாரிப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில், இறுதித் தேர்வு முடிந்த கையோடு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் இயற்பியல், கணிதப் பட்டதாரிகளைக் காண்கிறோம். ஹலாலான உழைப்பு எதுவும் இழிவன்று. ஆயினும், நன்கு படிக்கும் பிள்ளையை முதல் சம்பளத்திற்காக அத்துடன் நிறுத்திவிடுவது முறையா?

2006-இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆலை மூடப்படலாம், கற்ற கல்வி நம்முடன் வரும்.

பி.எஸ்சி. இறுதியாண்டிலேயே ஜாம் நுழைவுத் தேர்வெழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் தரவு அறிவியலும் பயிலலாம். பின்னர் ஆய்வு, கல்லூரி ஆசிரியப் பணி, வங்கி, காப்பீடு எனப் பல வாயில்கள் திறக்கும். அதே ஆலைகளுக்கும் தரவுப் பகுப்பாய்வாளராகச் செல்லலாம்.

கணிதம் நமக்கு அந்நியமன்று. அல்குவாரிஸ்மீ தம் இயற்கணித நூலின் பெரும்பகுதியை வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

வசதியுள்ள பெற்றோர் மகனுக்கும் மகளுக்கும் இவ்விரண்டு ஆண்டுகளைத் தரட்டும். இயலாத குடும்பங்களின் சுமையை மஹல்லா ஜமாஅத்தின் பைத்துல்மால் ஏற்கட்டும். சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டிற்கு அறிவுரை மட்டும் போதாது. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக, ஆமீன்.