ஃபோர் வீல் டிரைவ் இருந்தா ஆத்துல இறங்கிடலாமா? மலை கேம்பிங் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஒரகடத்தில் வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிகிறது. சனி, ஞாயிறு லீவு. திங்களும் சேர்ந்து கிடைத்தால் இன்னும் விசேஷம். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருவர் ரீல்ஸ் ஒன்றைப் போடுகிறார்: இருபுறமும் தண்ணீர் பீறிட, ஒரு ஜீப் காட்டாற்றைக் கடக்கிறது. பின்னணியில் மலை, அந்தப் பக்கம் கூடாரம், நெருப்பு, கிடார். ‘மச்சி, இந்த தடவை கண்டிப்பா போறோம்’ என்று பிளான் தொடங்குகிறது.

குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இந்தப் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். கார், லாரி, பைக், டயர் என எல்லாமே தயாராகும் இடம் இது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. டார்க், டிஃபரன்ஷியல் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் வண்டியைப் பற்றித் தெரிவது வேறு, ஆற்றைப் பற்றித் தெரிவது வேறு. காட்டுக்குள் நுழைய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதைவிட வேறு. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

650 மி.மீ. என்றால் உண்மையில் என்ன?

ஃபோர் வீல் டிரைவ் விளம்பரங்களில் ‘வாட்டர் வேடிங்’ என்று ஓர் எண் இருக்கும். மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ., ஃபோர்ஸ் கூர்காவுக்கு 700 மி.மீ. மறைமலை நகர் ஆலையில் தயாரான ஃபோர்டு எண்டெவருக்கு 800 மி.மீ. என்று சொல்லப்பட்டது. இதைப் பார்த்ததும் ‘இடுப்பளவு தண்ணிக்கு கொஞ்சம் கம்மி, போயிடலாம்’ என்று தோன்றும்.

இங்கேதான் சிக்கல். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியிலும் மின் இணைப்புகளிலும் தண்ணீர் ஏறாமல் இருப்பதற்கான அளவு அது. தேங்கி நிற்கும் தண்ணீரில், உறுதியான தரையில், மெதுவாக நகரும்போது பொருந்தும் அளவு. ஓடுகிற ஆற்றுக்கு யாரும் கொடுத்த உத்தரவாதம் அல்ல.

ஓடும் தண்ணீர் இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, வண்டியைத் தூக்குகிறது. ஏறக்குறைய 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் உள்ள ஒரு ஜீப்பின் அடிப்பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். தரைத்தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. தண்ணீரும் அதிகபட்சம் 700 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும். கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தால் இந்த அளவு குறையும். ஆனாலும் 20 செ.மீ. ஏறினாலே ஒரு டன்னுக்கு மேல் எடை ‘காணாமல்’ போகலாம். ஃபோர் வீல் டிரைவின் பலமே நான்கு டயர்களும் தரையைப் பிடிப்பதுதான். அந்தப் பிடியைத் தருவது வண்டியின் எடை. எடையைத் தண்ணீர் தூக்கிக்கொண்டால், நான்கு சக்கரமும் சும்மா சுழல வேண்டியதுதான்.

இரண்டாவது, பக்கவாட்டில் தள்ளுகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

அமெரிக்க தேசிய வானிலை சேவை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு இது: வேகமாக ஓடும் வெள்ளம் 6 அங்குலம் இருந்தாலே பெரியவர்களைக் கீழே சாய்க்கலாம். 12 அங்குலம் பெரும்பாலான சிறிய கார்களை அடித்துச் செல்லும். 2 அடி இருந்தால் எஸ்யூவி, டிரக் உட்படப் பெரும்பாலான வாகனங்கள் போய்விடும். 2 அடி என்பது சுமார் 610 மி.மீ. விளம்பரத்தில் உள்ள 650-ஐ விடக் குறைவு.

இன்னொன்று செலவுக் கணக்கு. இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைத்தான் ‘ஹைட்ரோலாக்’ என்கிறார்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இதற்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது, ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’ என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அதிலும் தெரிந்தே தண்ணீரில் இறக்கினால் கேள்வி வரும். கிளம்பும் முன் பாலிசியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

மழையே இல்லை, ஆறு எப்படிப் பெருகும்?

குன்றத்தூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. செம்பரம்பாக்கம் ஏரியில் உபரிநீர் திறக்கும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை வரும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை மற்றும் அடையாறு ஆற்றின் இருபுறமும் உள்ளவர்கள் பாதுகாப்பாக இருக்கவும். உங்கள் தெருவில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். மேலே என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. 2015 டிசம்பர் அதை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது.

மலை ஆறும் இப்படித்தான். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே பெரும்பாலும் எச்சரிக்கை மெசேஜ் வராது, வந்தாலும் சிக்னல் இருக்காது.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் 17 வயது சிறுவன் உயிரிழந்தார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடித் தப்புவதற்குக்கூட நேரம் குறைவாகவே இருந்தது. மலை மேல் பெய்த மழை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்த வேகம் அது.

மழைகூடத் தேவையில்லை என்பதற்கு மேட்டுப்பாளையம் உதாரணம். பவானி ஆற்றில் மேலே பில்லூர் அணை இருக்கிறது. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறக்கும்போது, கீழே அமைதியாக இருந்த ஆறு சட்டென உயரும். வெளியூரிலிருந்து வந்து குளிக்க இறங்கியவர்கள் அங்கே தொடர்ந்து பலியாகியிருக்கிறார்கள். கணுக்கால் தண்ணீரில் இறங்கி, அந்தக் கரையில் கூடாரம் போட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தால் திரும்பி வர வழி இல்லாமல் போகலாம்.

‘முதலில் இறங்கி நடந்து ஆழம் பார்க்க வேண்டும்’ என்பது ஃபோர் வீல் டிரைவ் பயணிகள் சொல்லும் பாலபாடம். நல்ல விதிதான். ஆனால் மோயாறு, அமராவதி, காவிரி ஆகியவற்றில் முதலைகள் உண்டு. எங்கே இறங்குகிறோம் என்பதை உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் அந்த விதியைக்கூடப் பின்பற்ற முடியாது.

கூகுள் மேப்பும் கைகொடுக்காது. 2023 அக்டோபரில் கேரளத்தின் கொச்சி அருகே கோதுருத்தில், இரவு மழையில் சென்ற கார் ஆற்றுக்குள் பாய்ந்து இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். ஜிபிஎஸ் காட்டிய வழியில் போனதாக அப்போது கூறப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ரீல்ஸில் வராத பகுதி இதுதான். தமிழ்நாட்டில் ஆறு ஓடும் மலைப்பகுதிகளில் பெரும்பாலானவை காப்புக்காடுகள், சரணாலயங்கள் அல்லது புலிகள் காப்பகங்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். உள்ளே நெருப்பு மூட்டுவதற்கும் தடை இருக்கிறது. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைந்தால் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பாயும். ‘போர்டு இல்லையே சார்’ என்பது அங்கே பதிலாகாது.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னையில் வேலை பார்த்த இளைஞர்கள், வார இறுதியைக் கழிக்கப் போனவர்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கான தனி விதிகளை மாநில அரசு கொண்டுவந்தது.

கூடாரத்திலும் ஆபத்து உண்டு. 2021 ஜனவரியில் வயநாடு மாவட்டம் மேப்பாடியில், தனியார் விடுதி போட்டிருந்த கூடாரத்தில் தங்கிய 26 வயதுப் பெண், யானை தாக்கி உயிரிழந்தார். பணம் கட்டித் தங்குவதாலேயே ஓர் இடம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அந்த விடுதிக்கு அனுமதி இருக்கிறதா, அது யானை வழித்தடத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆற்றில் வண்டி ஓட்டியதற்கே அபராதம் வந்த கதையும் உண்டு. 2023 டிசம்பரில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌலில், டிராஃபிக் நெரிசலைத் தவிர்க்க ஒருவர் தாரைச் சந்திரா ஆற்றுக்குள் இறக்கி ஓட்டினார். வீடியோ வைரலானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் போலீஸார் 3,500 ரூபாய் அபராதம் விதித்தார்கள். மற்றவர்கள் அதே வேலையைச் செய்யாமல் தடுக்க, அங்கே போலீஸாரையும் நிறுத்தினார்கள்.

நாடு முழுக்கப் பார்த்த வீடியோ என்பதால் இது செய்தியானது. ஆற்றுப் படுகையில் வண்டி ஏறி இறங்கும்போது கலங்கும் தண்ணீரும் சிந்தும் ஆயிலும் செய்தியாவதில்லை. ஆனால் அந்த ஓடையின் கீழ்ப்பக்கத்தில் குடத்தோடு நிற்கும் ஒரு மலைக்கிராமம் இருக்கலாம்.

சரி, அப்போ போகவே கூடாதா?

தாராளமாகப் போகலாம். வண்டியை எங்கே ஓட்டுவது, எங்கே நிறுத்திவிட்டு நடப்பது என்று பிரித்துத் திட்டமிட்டால் போதும்.

எப்போது? நீலகிரி, வால்பாறை பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீ காலம். அப்போது மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடுவது வழக்கம். ஆக, ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் வசதியான காலம். ஆயுத பூஜை விடுமுறையைவிடப் பொங்கல் விடுமுறை இதற்குப் பொருத்தம்.

எங்கே? குன்றத்தூரிலிருந்து அதிக தூரம் இல்லாத ஜவ்வாது மலை முதல் முயற்சிக்கு ஏற்றது. ஜமுனாமரத்தூர் வரை தார்ச்சாலை. பீமன் அருவி, கோமுட்டேரி படகு இல்லம், காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் எனப் பார்க்க நிறைய உண்டு. செய்யாறு பிறப்பதும் இந்த மலையில்தான். கரடுமுரடான பாதைதான் வேண்டும் என்றால் தேனி மாவட்ட எல்லையில் உள்ள கொழுக்குமலை இருக்கிறது. கேரளத்தின் சூர்யநெல்லியிலிருந்து உள்ளூர் டிரைவர்களே ஜீப்பில் அழைத்துப் போகிறார்கள். அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்த ஒருவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே நல்ல பயிற்சி.

நடப்பதற்கு, 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. ஆன்லைனில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள்.

ஊட்டி, கொடைக்கானல் என்றால்? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு உச்சவரம்பும் சேர்ந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் தினமும் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. பந்திப்பூர் வழியாகப் போவதாக இருந்தால் இரவு 9 முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை என்பதையும் சேர்த்து நேரம் போடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் வாரத்தில் மாவட்ட நிர்வாக அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

* தனி வண்டியாகப் போக வேண்டாம், குறைந்தது இரண்டு வண்டிகள். ஒன்று சிக்கினால் மற்றொன்று இழுக்கும்.

* இழுவைப் பட்டை, ஷேக்கிள், மண்வெட்டி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் கட்டாயம். பட்டையை வண்டியின் சேஸியில் அதற்கென உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், பம்பரில் அல்ல.

* வாடகை வண்டி என்றால் அது கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து உள்ள செல்ஃப் டிரைவ் வண்டிதானா பாருங்கள். தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்தானால் இன்ஷூரன்ஸ் சிக்கலாகும். ஆஃப் ரோடு ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் படியுங்கள்.

* மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏறிய அதே கியரில் இறங்குவது பழைய டிரைவர்களின் பாடம்.

* ஆற்றங்கரை மணலில் கூடாரம் வேண்டாம். பழைய வெள்ளம் விட்டுப்போன குப்பை எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள், அதற்கு மேலே போடுங்கள்.

* எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரம் தாண்டினால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

ஆறு குறுக்கே வந்துவிட்டால்?

தரை தெரியவில்லையா, தண்ணீர் கலங்கி ஓடுகிறதா, கிளைகள் மிதந்து வருகின்றனவா? இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் திரும்பிவிடுங்கள். ஃபோர் வீல் டிரைவ் கலாசாரம் ஊறிப்போன ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலேயே, வெள்ளம் ஓடும் பாதையில் வண்டியை இறக்காதீர்கள் என்று அரசு தொடர்ந்து பிரசாரம் செய்கிறது. ஸ்நார்க்கல் மாட்டிய வண்டிகள் தெருவுக்குத் தெரு நிற்கும் ஊரின் அனுபவம் அது.

காத்திருப்பதும் ஒரு வழி. மலைக் காட்டாறு ஏறிய வேகத்தில் வடிவதும் உண்டு. இரண்டு மணி நேரத்திலும் வடியலாம், ஒரு நாளும் ஆகலாம். அதற்காகத்தான் பிளானில் ஒரு நாள் கூடுதலாக இருக்க வேண்டும். ‘திங்கள் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட், எப்படியாவது கடந்துடணும்’ என்ற அவசரத்தில்தான் தப்பான முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

ஒரு நாள் லீவு போனால் சூப்பர்வைசரிடம் ஒரு போன் பேசிச் சமாளிக்கலாம். எனவே மலைக்குக் கிளம்பும் முன், டேங்க் நிரப்புவதோடு அந்தக் கூடுதல் நாளுக்கான லீவையும் சொல்லி வைத்துவிடுங்கள்.