பத்து ரூபாய்ச் சந்தா

ஷூ கம்பெனியிலிருந்து வயது முதிர்ந்து வெளிவரும் தொழிலாளி, அதுநாள்வரை தம் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டுவந்த தொகைகள் இரண்டை அறிவார். ஒன்று வருங்கால வைப்பு நிதி. அதைப் பெறுவதற்காக அவர் ஏறி இறங்காத படியில்லை. மற்றொன்று ஈ.எஸ்.ஐ. அது வேலையோடு தீர்ந்தது என்று எண்ணி, அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டுவிடுகிறார். அவ்வாறு போடப்பட்ட அட்டைகள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் எத்தனையோ வீடுகளில் இருக்கக்கூடும். அவற்றைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதே இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது.

நெசவாளர்களுக்கும் விவசாயிகளுக்குமான இப்பத்திரிகையில் தோல் தொழிலாளரின் சங்கதி எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். மாமனார் குடியாத்தத்துத் தறியில் லுங்கி நெய்தவர். மாமியார் தோல் பதனிடும் ஆலைக்குப் போய்வந்தவர். மகன் கடலையும் தென்னையும் பயிரிடுகிறார். மருமகள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். பாலாற்றங்கரையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் புதியன அல்ல. ஒருவருடைய மருத்துவச் செலவு வீட்டிலுள்ள அனைவருடைய கடனாகவும் ஆகிறது. அக்கடன் கடைசியில் வந்து நிற்கும் இடம் நமது சங்கத்தின் நகைக்கடன் பேரேடு.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு கூலியில் நூற்றுக்கு 0.75, முதலாளியின் பங்கு 3.25. மாதம் 12,000 ரூபாய் பெறும் பெண்மணி ஒருவருக்கு அவர் கூலியில் 90 ரூபாயும், முதலாளியின் கையிலிருந்து 390 ரூபாயும் செலுத்தப்படுகின்றன. ஆண்டொன்றுக்கு 5,760 ரூபாய். இருபது ஆண்டு உழைத்தவருக்காகச் சென்ற தொகை எவ்வளவு என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்திட்டத்திற்கான 1950ஆம் ஆண்டு மத்திய விதிகளுள் 61ஆவது விதி ஓய்வு பெற்றோருக்கு உரியது. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை எட்டியோ விருப்ப ஓய்விலோ வேலையை விட்டவர், மாதத்திற்கு 10 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு உரிய 120 ரூபாயை முன்கூட்டிச் செலுத்தினால், தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். அவர் காலமானால் துணைவர் அதே தொகையைக் கட்டிவரலாம். வேலையில் இருந்தபோது மாதம் 90 ரூபாய் கட்டியவர், இப்பொழுது ஆண்டு முழுமைக்கும் இருவருக்குமாகச் சேர்த்து 120 ரூபாய் கட்டினால் போதும். முதியோருக்கு இதைவிட மலிவான காப்பீடு கடையில் எங்கும் கிடைக்காது.

மலிவு என்பது மட்டுமன்று. பயன் எத்தகையது என்பதையும் பார்க்கவேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பர். இருக்கிறது, நல்ல திட்டம். 2009இல் கலைஞர் பெயரில் தோன்றி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரைப் பெற்றது. அதில் நமக்குப் பில் வருவதில்லை. அதனால் பணம் கட்டப்படவில்லை என்பது பொருளன்று. 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரிமியத்தை மாநில அரசாங்கம் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் செலுத்துகிறது. அது நாம் கட்டும் வரிப்பணம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, சிகிச்சைக்கு முன் கம்பெனியின் அனுமதியைப் பெற்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்னரே வகுக்கப்பட்ட தொகையைக் கம்பெனியிடமே வாங்கிக்கொள்ள வேண்டும். படுக்கை, மருந்து, டாக்டர் கட்டணம் யாவும் அத்தொகைக்குள் அடக்கம். முன்பணம் என்றோ ஊசி மருந்து என்றோ நோயாளியிடம் தனியே கேட்டால், கொடுப்பதற்குமுன் 1800 425 3993 என்ற எண்ணுக்குப் பேசுவது நலம். கொடுத்துவிட்டோமானால் ரசீதின்றிக் கொடுக்கலாகாது.

ஆனால் இக்காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு உரியது. இருதய அறுவைக்கு உதவும்; மாதந்தோறும் வேண்டிய இரத்த அழுத்த மாத்திரைக்கு உதவாது. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசாங்கம் 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி விரித்த ஆயுஷ்மான் திட்டமும் அத்தகையதே. அதிலும் முதியவர் பிரிமியம் கட்டவேண்டியதில்லை, ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவரும் அதில் சேரலாம் என்பது விதி. எனினும் 58இல் வேலையை விட்டவர் 70ஐ எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். சர்க்கரையும் மூட்டுவலியும் மூச்சிரைப்பும் அதுவரை காத்திருப்பதில்லை.

ஈ.எஸ்.ஐ.யின் சிறப்பு இங்கேதான். மருந்தகத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கும் மாத்திரை வாங்குவதற்கும் பில் இல்லை. பெரிய சிகிச்சைக்கு வேலூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ, ஒப்பந்தமான வேறு மருத்துவமனைக்கோ அனுப்பப்பட்டால், பில் கழகத்திற்குச் செல்லும். ஒன்றைமட்டும் மறக்கக்கூடாது: அவசர நிலை நீங்கலாக, பரிந்துரைச் சீட்டு இல்லாமல் நாமாகத் தனியார் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தால் அந்தப் பில் நம் தலையில்தான் விழும். வேலூருக்கு மருத்துவம் தேடி வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அந்நகருக்கு ஒருமணி நேரப் பயணத்தில் வாழும் முதிய தோல் தொழிலாளி, மாத்திரைக்கு மருந்துக்கடையில் கடன் சொல்லுகிறார்.

120 ரூபாய் கொடுக்க இயலாமலா இந்நிலை? இல்லை. பணம் காரணமன்று, வசூல் முறையே காரணம் என்று நாம் கருதுகிறோம். வேலையிலிருக்கும்வரை கம்பெனியே பிடித்துக் கட்டியது; தொழிலாளி ஒரு முறைகூட அலுவலகம் செல்லவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் முதல் விண்ணப்பமும், ஓய்வுச் சான்றும், ஆண்டுதோறும் புதுப்பித்தலும் அவர் பொறுப்பாகிவிடுகின்றன. வேலை பார்க்கும் வயதில் பழகாத காரியத்தைக் கண் மங்கிய வயதில் கற்கச் சொல்வது நியாயமா? ஓராண்டு மறந்தால் அட்டை உறங்கிவிடும். கூலி வேலைக்குத் தோல் வாங்கித் தைத்துக் கொடுக்கும் சிறு கம்பெனிகள் மூடப்பட்டுவிட்டால், ஓய்வுச் சான்று தருவாரும் இல்லை. கம்பெனி மாறும்போதெல்லாம் பழைய காப்பீட்டு எண்ணைச் சொல்லாமல் புதிய எண் வாங்கியவர்களுக்கு ஐந்து ஆண்டுக் கணக்கே துண்டு துண்டாகக் கிடக்கும். இப்பொழுது வேலையிலிருக்கும் மருமகள்மார் இதை இன்றே கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1966 முதல் நடந்துவரும் மெடிகேர் என்னும் முதியோர் காப்பீட்டில், மருத்துவர் செலவுக்கான மாதச் சந்தா முதியவரின் அரசாங்க ஓய்வூதியத்திலேயே பிடித்துக்கொள்ளப்படுகிறது. ஓய்வூதியம் பெறாதவருக்குத்தான் மூன்று மாதத்திற்கு ஒரு முறை பில் அனுப்பப்படுகிறது. அச்சந்தா நம்மவரால் நினைத்தும் பார்க்க இயலாத பெருந்தொகை. அதை நாம் விரும்பவில்லை. வசூலிக்கும் ஒழுங்கை மட்டும் கொள்ளலாம். நம் தொழிலாளருள் பலருக்கு 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி வைப்பு நிதி ஓய்வூதியம் வருகிறது. 2014 முதல் அதன் குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய். ஓய்வூதியம் தரும் நிறுவனமும் ஈ.எஸ்.ஐ. கழகமும் ஒரே தொழிலாளர் அமைச்சகத்தைச் சேர்ந்தவை. ஒரு கை கொடுக்கும் ஆயிரத்திலிருந்து மறு கை பத்து ரூபாயை எடுத்துக்கொள்ள, முதியவரை ஏன் பஸ் ஏற்றவேண்டும்? சம்மதம் தெரிவித்தவர்களுக்கு ஓய்வூதியத்திலேயே பிடித்தம் செய்ய அமைச்சகம் ஏற்பாடு செய்யவேண்டும் என்று கோருகிறோம்.

இந்த 120 ரூபாயையும் தள்ளுபடி செய்யலாமே என்பாரும் உளர். நாம் அவ்வாறு கேட்கவில்லை. பங்குத்தொகை கட்டியவர் மகாசபையில் எழுந்து நின்று கேள்வி கேட்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். மருந்தகத்தில் மாத்திரை இல்லையென்றால், சந்தா ரசீதைக் கையில் வைத்திருப்பவரின் குரல் சற்று ஓங்கி ஒலிக்கும்.

அமைச்சகம் இசையும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் ரூபாய்க்கு இத்தனை பைசா என்று கூலியிலேயே பிடித்து, அரசாங்கத்தின் பங்கையும் சேர்த்துக் கணக்கு வைத்துப் பழகியவை நமது சங்கங்கள். அங்கத்தினர் குடும்பத்தில் ஓய்வு பெற்ற தோல் தொழிலாளரிடம் மாதம் 10 ரூபாய் பெற்று, தவணை மாதத்தில் அவர் பெயரில் செலுத்தி, ரசீதை அவரிடமே சேர்ப்பது பெரிய வேலையன்று. சங்கத்தில் பணம் தங்கினால் தொல்லை வரும் என்று தணிக்கையாளர் எச்சரிக்கக்கூடும். அது நியாயமான அச்சமே. ஆகையால் இதற்குத் தனிப் பேரேடு வேண்டும். சங்கத்தின் பொதுக்கணக்கில் ஒரு ரூபாயும் கலக்கலாகாது. சான்று கிடைக்காதவர்களின் பெயர்களைத் தனியே தொகுத்து, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திற்குச் சங்கத்தின் கடிதத்தோடு அனுப்பலாம். ஒருவராகச் சென்றால் நாளை வா என்பார்கள். நாற்பது பேரின் பட்டியலுக்கு எழுத்து மூலம் பதில் தந்தாக வேண்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருள் வைக்கப்பட வேண்டும். அதற்குமுன், பெட்டியிலுள்ள பழைய அட்டையை எடுத்து, காப்பீட்டு எண், கடைசியாக வேலை செய்த கம்பெனி, விலகிய தேதி, கணவர் அல்லது மனைவியின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அங்கத்தினர்கள் தத்தம் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அட்டை தொலைந்துபோயிருப்பின் பழைய சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் கொண்டுவரலாம். அதிலும் எண் இருக்கக்கூடும்.