பழைய டிரம்முக்குப் புதுத் தோல்

பென்னாகரம் பக்கத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து போன மாதம் ஒரு டிரம் செட் கீழே இறங்கியது. ஒரு காலத்தில் லைட் மியூசிக் குழுவோடு மாரியம்மன் பண்டிகை மேடைகளுக்கெல்லாம் போய் வந்த செட். மரக்கூட்டின் மேல் ஒட்டிய சிவப்பு பெர்ல் ஷீட் இன்னும் மின்னியது. ஸ்னேர் டிரம்மின் மேல்தோல் மட்டும் நடுவில் வாய் பிளந்திருந்தது. வாசித்தவர் இப்போது இல்லை. பேரன்தான் தூசி துடைத்து வரிசையாக வைத்திருந்தான். "தோல் மாத்தணும்ணே. எந்த பிராண்டு நல்லது? சீக்கிரம் கிழியாத மாதிரி தடியா ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

அரூரிலும் பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் பழைய செட் வைத்திருக்கிறவர்கள் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான்: எந்த பிராண்டு, எவ்வளவு தடிப்பு. இரண்டையும் கேட்கத்தான் வேண்டும், ஆனால் கடைசியில். முதலில் கூட்டை அளக்க வேண்டும். ஏன் என்று புரிய, தோலின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோல் என்று சொல்கிறோமே தவிர, டிரம் செட்டில் இன்று இருப்பது தோல் அல்ல, பாலியெஸ்டர் படலம். டூபாண்ட் நிறுவனத்தின் மைலார் படலம் சந்தைக்கு வந்தபின், 1950-களின் நடுவில் அமெரிக்காவில் சிலர் அதை டிரம்மில் மாட்டிப் பார்த்தார்கள். 1956-இல் சிக் எவன்ஸும் 1957-இல் ரெமோ பெல்லியும் அதைத் தொழிலாகவே தொடங்கிவிட்டார்கள். அதுவரை டிரம் செட்டில் பெரும்பாலும் இருந்தது கன்றுத்தோல். ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூங்கில் பின்னலின் அடியில் முன்பு தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட். போர்வை மாறியபின்னும் அது பரிசல்தான். அதுபோல நம் வாயிலும் ‘தோல்’ என்ற சொல் தங்கிவிட்டது.

பரிசலுக்கும் டிரம்முக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கன்றுத்தோலை ஊறவைத்து, ஈரத்தோடு மர வளையத்தில் மடித்துச் செருகி, அப்படியே கூட்டின் மேல் ஏற்றிக் காயவிடுவார்கள். கூடு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும், வட்டம் சற்றே கோணியிருந்தாலும், காய்கிற தோல் அந்த வடிவத்துக்கே படிந்துவிடும். பிளாஸ்டிக் தோல் அப்படியல்ல. படலத்தை அலுமினிய வளையத்துக்குள் இறுக்கிப் பிடித்து, ஆலையிலேயே அளவு முடிவாகி வருகிறது. அது கூட்டுக்காக வளைந்து கொடுக்காது. அதனால் பிளாஸ்டிக் பரவியபின், அந்த வளையத்துக்குள் சுலபமாக அடங்கும்படி கூடுகளை ஒரு மயிரிழை சிறிதாகச் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன் செய்த பல கூடுகள் சற்றுப் பருத்தவை. 1922-இல் லண்டனில் தொடங்கிய பிரிமியர் கம்பெனி, 1960-களின் பிற்பகுதி வரை தனக்கென்று சற்றே பெரிய அளவு வைத்திருந்தது. அந்தக் காலத்துப் பிரிமியர் செட் கையில் இருந்தால், ‘14 அங்குலம்’ என்று அச்சிட்ட இன்றைய தோல் அதில் உட்காராது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு ஒரு பழைய ஸ்னேருக்கு அளக்காமலேயே எண்ணை மட்டும் சொல்லித் தோல் வரவழைத்தேன். வளையம் கூட்டின் தலையில் பாதியில் நின்றது. திருகை முடுக்கினால் இறங்கிவிடும் என்று நினைத்து முடுக்கினேன். தோல் இறங்கவில்லை. தோலை அழுத்திப் பிடிக்கிற ரிம் வளைந்தது, கூட்டில் திருகைத் தாங்குகிற லக் ஒன்று விரிசல் விட்டது. அந்தக் காலத்து லக்குகளில் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அழுத்தம் மிஞ்சினால் வளையாது, உடையும். தோல் எத்தனை வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும். அந்த லக் கிடைக்காது.

எப்படி அளப்பது? ரிம்மையும் பழைய தோலையும் கழற்றிவிட்டு, தையற்காரர் வைத்திருக்கிற இன்ச் டேப்பைக் கூட்டின் வெளிச்சுற்றில், விளிம்பை ஒட்டிச் சுற்றிப் பாருங்கள். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சரியாக 14 அங்குல விட்டம் என்றால் டேப் 44 அங்குலம் காட்டும். அதற்குக் கால் அங்குலமாவது குறைந்தால் இன்றைய தோல் தாராளமாக இறங்கும். 44-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நின்று யோசிக்க வேண்டும். பிறகு விட்டத்தை நேராக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கூடு முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது. பெர்ல் ஷீட்டின் ஒரு முனை மறுமுனை மேல் ஏறி ஒட்டியிருக்கும் இடத்தை விரலால் தடவுங்கள். அங்கே ஒரு மேடு தட்டும். பல நேரம் முழுக் கூடும் சரியாக இருக்கும், அந்த மேடு மட்டும் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கையில் ஒரு தோல் இருந்தால் இன்னும் எளிய சோதனை இருக்கிறது. ரிம் இல்லாமல் தோலை மட்டும் கூட்டின் மேல் வையுங்கள். அது தன் கனத்திலேயே இறங்க வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும். பென்னாகரத்து ஸ்னேரில் முக்கால் சுற்று வந்து, ஷீட் மேட்டில் நின்றது. அந்த மேட்டை ஒரு விரற்கடை உயரத்துக்கு மட்டும் மெல்லச் சீவியதும் முழுச் சுற்றும் வந்துவிட்டது. கூடே பெரிதாக இருக்கும்போது சிலர் மரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சிறிதாக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய பிரிமியர் அளவிலேயே செய்த தோல் உண்டு. அக்குவேரியன் நிறுவனத்தின் ‘அமெரிக்கன் விண்டேஜ்’ வரிசை, பருத்த கூடுகளுக்கென்றே சற்று அகலமாகச் செய்தது. வரவழைக்க நாளாகும், விலையும் கூடும். போன மரம் திரும்பாது என்பதால் காத்திருப்பதே மேல்.

இனி தடிப்பு. தடித்தது நெடுநாள் உழைக்கும் என்பது செருப்புக்குச் சரி. டிரம்மில் கணக்கே வேறு. ஒரே அகலமுள்ள இரண்டு படலங்களை ஒரே சுருதிக்குக் கொண்டுவர, கனமானதற்கு அந்தக் கனத்தின் விகிதத்தில் கூடுதல் இழுவிசை தேவை. சாதாரண ஒற்றைப் படலத் தோலின் தடிப்பு 10 மில். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆகவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். ரெமோவின் அம்பாசிடர் இந்த வகை. எம்பரர் என்பது 7 மில் படலம் இரண்டை அடுக்கியது, மொத்தம் 14. அதே சுருதிக்கு அம்பாசிடரை விட எம்பரரை 40 சதவீதம் கூடுதலாக இழுக்க வேண்டும். அந்த 40 சதவீதத்தைச் சுமப்பது அரை நூற்றாண்டு வயதான திருகும் லக்கும் ரிம்மும். இழுக்காமல் தளர விட்டால் கூடு பேசாது, பெட்டியைத் தட்டுகிற ஓசைதான் வரும்.

பழைய கூடுகள் பெரும்பாலும் மெல்லிய மரம், உள்ளே வலுவுக்கு ஒரு மர வளையம், மேலே உருண்ட விளிம்பு. அந்த விளிம்பில் தோல் அகலமாகப் படிவதால் ஓசை தானாகவே இதமாகி, சீக்கிரம் அடங்கும். அதன் மேல் தடித்த தோலையும் போட்டால் இருக்கிற ஓசையும் அமுங்கிவிடும். ஆகவே மேல்பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சுள்ள 10 மில் ஒற்றைப் படலம் என்பது என் முடிவு. மெதுவாக வாசிப்பவருக்கு 7.5 மில் டிப்ளமேட் இன்னும் அழகு.

மெல்லிய முகத்தின் அருமையைச் சொல்ல நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூறு 89-ஆம் பாட்டில், பொதுவிடத்தில் கட்டித் தொங்கும் தண்ணுமையின் மேல் காற்று மோதுகிறது. அந்த ஓசைக்கே போர் வந்தது என்று எழுகிறான் அதியமான். முரசின் முகத்துக்கு அங்கே ‘கண்’ என்று பெயர். வாரால் இழுத்துக் கட்டிய தோல், காற்றுக்கே பேசியிருக்கிறது. நல்ல ஸ்னேரின் கீழ்த்தோலும் அப்படித்தான். 3 மில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் தடிப்பு. பக்கத்தில் யாராவது இருமினாலும் அதை ஒட்டி ஓடும் ஸ்னேர் கம்பி சிலிர்க்கும். அந்த இடத்துக்கு ‘ஸ்னேர் சைடு’ என்று கேட்டு வாங்க வேண்டும். கிடைத்த தோலை அங்கே மாட்டி, கம்பியைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. அந்த மெல்லிய தோலை மேலே மாட்டினாலோ, குச்சியின் முதல் அடியிலேயே போய்விடும்.

கறுப்புப் பொட்டு வைத்த தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிருதங்கத்தின் கரணை மாதிரி இது சுருதி கொடுக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். கரணையின் வேலை வேறு. வெறும் வட்டப் படலத்தில் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று முழு எண் விகிதத்தில் பொருந்துவதில்லை. அடிப்படை 1 என்றால் அடுத்தது 1.59, அதற்கடுத்தது 2.14 என்று போகும். மிருதங்கத்தில் நடுவே படிப்படியாக ஏற்றிய கரணையின் கனம் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பதை சர் சி. வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிக் காட்டினார். டிரம் தோலின் பொட்டு ஒரு மெல்லிய ஒட்டு. அடிபடும் இடத்துக்கு வலுவும், ஓசைக்குக் கொஞ்சம் அடக்கமும் தரும், அவ்வளவுதான். பழைய ஸ்னேருக்கு அது வேண்டாம்.

உண்மையான தோலே போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பழைய மர வளையம் முறியாமல் இருந்தால் போடலாம். பறையும் பம்பையும் கட்டுகிறவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தோலின் எந்தப் பகுதி முதுகு, எது வயிறு, எது இழுவைக்குத் தாங்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். அவர்கள் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்த அறிவுக்கு நாம் கொடுத்து வந்தது எப்போதும் குறைவு. ஆனால் பங்குனி வெயிலில் முறுகி ஏறும் தோல், ஐப்பசி மழையில் தொங்கிப்போகும். பறையை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றலாம். திருகும் ஷீட்டும் உள்ள ஸ்னேரை அப்படிக் காட்ட முடியாது. பிளாஸ்டிக் தோலை நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது. வீட்டில் வைத்து வாசிக்கிற ஒரு ஸ்னேருக்குத் தோல் கட்டலாம். ராத்திரி பத்து மணிக்குப் பனியில் வாசிக்கிற பண்டிகை மேடைக்குப் பிளாஸ்டிக்தான் சரி.

பிராண்டுக்கு இவ்வளவு போதும்: ரெமோ, எவன்ஸ், அக்குவேரியன் மூன்றும் நல்லவை. எது உங்கள் அளவில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

பென்னாகரத்தில் கூட்டு விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியை ஒரே ஒரு சுற்று லேசாகத் தேய்த்தோம். தோலை வைத்து, ரிம்மை இறக்கி, எட்டுத் திருகையும் முதலில் வெறும் விரலால் முடுக்கினோம். பிறகு டிரம் கீயால் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ஒரு தடவைக்கு அரைச் சுற்று. ஒவ்வொரு திருகின் முன்னும், விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பையன் மெல்லத் தட்டிக் கேட்டான். ஏழு இடத்தில் ஒரே சுருதி, எட்டாவதில் கீழே கிடந்தது. அதைக் கால் சுற்று ஏற்றினான். அன்றைக்கு வாசிக்க வேண்டாம், இரவு அப்படியே இருக்கட்டும், படலம் விளிம்பில் படிந்தபின் காலையில் இன்னொரு முறை சரிபார் என்றேன். சரி என்று தலையாட்டினான். நான் வண்டியை எடுத்து மண் ரோட்டில் திரும்புவதற்குள் பின்னால் ஸ்னேர் கேட்டது, மிக மெதுவாக, குச்சி இல்லாமல், விரலால்.