பயிற்சி முடிந்து ஆறு மாதங்களின் பின்...

இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் துணிப்பையைத் திறந்து பார்த்தால், அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி ஆகியவற்றோடு இரண்டு மூன்று பயிற்சிச் சான்றிதழ்களும் இருப்பதைக் காணலாம். தையல், மேசன் வேலை, கோழி வளர்ப்பு, சேதனப் பசளை தயாரித்தல் என நம்மவர்கள் கற்றவை பல. ஆனால் அவற்றால் விளைந்த பயன் என்னவென்று யாராவது திரும்பி வந்து கேட்டார்களா?

பயிற்சி நடத்துவோரின் அறிக்கைகளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாட்கள் நடந்தது, எவ்வளவு செலவானது என்பனவே பெரும்பாலும் காணப்படுகின்றன. கடைசி நாளில் ஒரு படிவம் தரப்படும். நாமும் 'மிக நன்று' என்று அடையாளமிட்டுக் கொடுத்துவிடுவோம். அன்போடு சோறு தந்தவர்களிடம் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? அடுத்த உதவிப் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடுமோ என்ற அச்சமும் உண்டல்லவா?

இது நமக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கேர்க்பற்றிக் என்பவர், தொழிலாளர் பயிற்சிகளின் பயனை அளப்பது பற்றி 1959 இல் தொடங்கி நான்கு கட்டுரைகள் எழுதினார். நான்கு படிகளில் அளக்க வேண்டும் என்பது அவரது கருத்து. பயிற்சி பிடித்திருந்ததா? எதையாவது கற்றார்களா? கற்றதை வேலைத்தளத்தில் செய்கிறார்களா? அதனால் நல்ல விளைவு உண்டானதா?

தையல் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியை நன்றாகச் சொல்லித்தந்தார் என்பது முதற்படி. சட்டை வெட்டத் தெரியும் என்பது இரண்டாவது. வீட்டில் இருந்து தைக்கிறார் என்பது மூன்றாவது. அந்தக் காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்கினார் என்பது நான்காவது. நம்மிடம் தரப்படும் படிவமோ முதற்படியிலேயே நின்றுவிடுகிறது.

கமக்காரரின் வேலைத்தளம் வயல். அங்கு நடந்த பயிற்சியொன்றின் கதையும் நாம் அறியவேண்டியது. நெல்லுக்கு அளவுமீறிப் பூச்சிநாசினி தெளித்தபோது, பூச்சிகளைத் தின்னும் சிலந்தி போன்றவை மடிந்து, கபிலநிறத் தத்தி பெருகியது. இதனால் இந்தோனேசியாவில் 1989 இல் வயற்பள்ளிகள் தொடங்கப்பட்டன. கமக்காரர் ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடி, பூச்சிகளைத் தாமே பார்த்துக் கற்றனர். இலங்கையிலும் இம்முறை பின்பற்றப்பட்டது.

தென்னிலங்கை நெற்செய்கையாளரிடையே செய்யப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வொன்று, இப்பள்ளிகளில் கற்றவர்கள் பூச்சிநாசினியைக் குறைத்திருந்ததைக் காட்டியது. ஆனால் கற்றவரிடமிருந்து அயலவருக்கு அந்த அறிவு அதிகம் பரவவில்லை. இந்தோனேசியா பற்றி 2004 இல் வெளியான ஆய்வொன்றோ, விளைச்சலிலும் பூச்சிநாசினிப் பாவனையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் காணவில்லை. ஒருவருக்குக் கற்பித்தால் ஊருக்கே கற்பித்ததாகும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அளக்கும்போது நீதியும் வேண்டும். பயிற்சிக்குமுன் நிலைமை எப்படியிருந்தது என்று குறித்து வையாவிட்டால், பின்னர் எதனோடு ஒப்பிடுவது? மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லோருக்கும் விளையும். அது பயிற்சியின் பலனா, மழையின் பலனா என்பதை அறியப் பயிற்சி பெறாத அயலவரின் வயலையும் பார்க்க வேண்டும். கற்றதைச் செய்யாதவர்களைச் சோம்பேறிகள் என்று முடிவுகட்டுவதும் தவறு. தையல் கற்றவளிடம் இயந்திரம் இல்லை. பசளை தயாரிக்கக் கற்றவரிடம் காணி இல்லை. காணி இருந்தாலும் அங்கே போக வழியில்லை. இத்தகைய இடங்களில் குறை பயிற்சித் திட்டத்திலேயே இருக்கின்றது. அதைக் கண்டுகொள்வதும் அளவீட்டின் பயனே.

பயிற்சி நாட்கள் நமக்கு இலவசமாக வருவனவல்ல. ஐந்து நாள் பயிற்சிக்குப் போகும் தாய் ஐந்து நாட் கூலியை இழக்கிறாள். ஆகவே கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. அடுத்தமுறை பயிற்சிக்கு அழைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைச் செய்வதற்கான கருவியும் இடமும் எங்கிருந்து வரும்? ஆறு மாதங்களின் பின் யார் வந்து பார்ப்பார்? நாம் சொல்லும் குறைகளை யாரிடம் கொண்டு செல்வீர்கள்?

நமது சங்கங்களும் வெளியாரை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். யார் எதைக் கற்றார், முன்னர் எப்படிச் செய்தார், ஒரு போகத்தின் பின் எதைச் செய்கிறார், எதைக் கைவிட்டார், ஏன் கைவிட்டார் என்று எழுதி வைப்போம். 'கைவிட்டேன்' என்று கூச்சமின்றிச் சொல்ல இடமிருக்கும் கூட்டத்தில்தான் உண்மை வெளிவரும். அந்தக் கொப்பியை முன்வைத்து, எமக்கு இந்தப் பயிற்சி வேண்டும், இது வேண்டாம் என்று நாமே சொல்லும் நாள் வரவேண்டும். பைக்குள் இருக்கும் சான்றிதழ்களுக்கு அன்றுதான் பெறுமதி உண்டாகும்.