கயிறு திரிக்கப் போன மதினி

என் பிழைப்பே கயிறு திரிப்பதுதான். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் நீங்களே பார்க்கிறீர்களே! அதனால், சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து மதினி போன் போட்டு, “கொழுந்தனாரே, நாங்க ஆறு பேரு கயிறு திரிக்கக் கத்துக்கப் போறோம்” என்றபோது, என்னைத்தான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

இல்லை, நிஜக் கயிறு. தேங்காய் நார்க் கயிறு. இடம், ஆலப்புழை பக்கம் கலவூர். மத்திய அரசின் கயிறு வாரியம் அங்கே ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு.

அண்ணன் குதித்தார். “மட்டை நம்ம தோப்பு மட்டை. எங்க தாத்தா திரிக்காத கயிறா? அதுக்கு மலையைத் தாண்டிப் போகணுமாக்கும்!” (அவருடைய உண்மையான கவலை கயிறு அல்ல, சோறு. அண்ணனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.)

கம்பம் பள்ளத்தாக்கில் மலையைத் தாண்டாதது எது, சொல்லுங்கள்? 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர், மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. நம் பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு அந்தப் பக்கம் போகிறார்கள். நாரும் போகிறது.

நார் விஷயம் சுவாரஸ்யமானது. கேரளத்துக்காரர்கள் பச்சை மட்டையை உப்பங்கழியில் ஆறு முதல் பத்து மாதம் வரை ஊறப்போட்டு, அடித்து, வெள்ளை நார் எடுப்பார்கள். நமக்கு ஏது உப்பங்கழி? காய்ந்த மட்டையை மெஷினில் கொடுத்தால் பழுப்பு நார். அங்கே மட்டை சேகரிப்பது குறைந்துபோக, அந்தத் தறிகளுக்கு இன்று தமிழ்நாட்டு நார்தான் லாரி லாரியாகப் போகிறது.

போவது நார். திரும்பி வருவது? சென்னையில் ஒரு மிதியடி வாங்கினேன். முந்நூற்றைம்பது ரூபாய். பத்துப் பன்னிரண்டு மட்டை இருந்தால் ஒரு கிலோ நார். அந்த மிதியடி முழுசுக்கும் இரண்டு கிலோ இருக்குமா? எங்கள் தோப்பு மட்டை கேரளா போய், நெற்றியில் ‘வெல்கம்’ என்று எழுதிக்கொண்டு, என் வாசலில் வந்து என்னையே வரவேற்கிறது. பி.காம். படித்தவனுக்கு வயிறு எரியாதா?

ஆலப்புழைக்காரர்களும் பிறக்கும்போதே மிதியடியோடு பிறந்துவிடவில்லை. அங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையை 1859-ல் தொடங்கியவர் ஜேம்ஸ் டாரா. அயர்லாந்தில் பிறந்த அமெரிக்கர்! கயிறு அவர்களுடையது, ஆலை அவருடையது. நம் ‘கயிறு’க்கு மலையாளத்தில் ‘கயர்’. அதைத்தான் வெள்ளைக்காரன் ‘காயர்’ ஆக்கிக்கொண்டான்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். “அந்த டாரா சம்சாரத்தை விட்டுட்டு வந்தாரா?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. மதினி கிளம்பிவிட்டார்.

குழுவில் ஒரு பெண் மலை ஏறியதே அதுதான் முதல் தடவை. மோட்டார் ராட்டில் அவசரமாக நாரை விட்டிருக்கிறாள். சொல்லிக்கொடுத்த அம்மா, “பதுக்கே, பதுக்கே” என்றிருக்கிறார். இவள் பயந்துபோய்க் கையிலிருந்த நாரை முந்தானைக்குள் பதுக்கிவிட்டாளாம்! மலையாளத்தில் ‘மெதுவாக’ என்று அர்த்தமாம்.

திரும்பி வந்தபின் நானும் ஊருக்குப் போய் ராட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு அடிக்குள் மூன்று முறை அறுந்தது. “எழுதுற கயிறுதான் உங்களுக்கு வரும்” என்றார் மதினி. ஆனால் அவர் கை ஓடியதைப் பார்க்க வேண்டுமே! தாத்தா திரித்தது கிணற்றுக்கும் மாட்டுக்கும். இது ஒரே தடிமனில், முடிச்சில்லாமல், மீட்டர் கணக்கில். அதைச் சட்டத்தில் கட்டி மிதியடியாகப் பின்னுகிறார்கள். ‘வெல்கம்’ வேண்டாம் என்று ‘வாங்க’ என்று எழுதினார்கள். கூட இருந்து பார்த்த அண்ணன், “வாங்கன்னா, வாங்கிட்டுப் போங்கன்னும் ஆகுதே!” என்றார். அவர் இப்போது சாதமும் ரசமும் வைக்கிறார். ரசத்தைப் பற்றி நான் எதுவும் எழுதுவதாக இல்லை.

விற்பனைதான் கழுத்தைப் பிடித்தது. ஒரு பெரிய கடை (பேர் வேண்டாம்) நூறு மிதியடி எடுத்தது. பில் போட்டு நாலு மாதம் ஆச்சு. கேட்டால், “அக்கவுண்ட்ஸ்ல இருக்கு.” இவர்களோ நாருக்குக் காசு கொடுக்காமல் ராட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் மறுபடி ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறிவிட்டார்கள். கையில் வித்தை இருக்கிறது. நூறு மிதியடிக் காசு இல்லை.

பி.காமுக்கு வேலை வந்தது. உத்யம் பதிவை முதலிலேயே நான் போட்டுக் கொடுத்திருந்தேன். 2006-ஆம் வருஷ எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் காசு தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி! 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து இன்னொரு ஆப்பும் உண்டு. கெடு தாண்டினால், பணத்தைக் கொடுக்கும் வரை வருமானவரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. எல்லாவற்றையும் நம்பர் போட்டுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை.

“லெட்டர் கிடக்கட்டும், நாங்களே நேர்ல வர்றோம்” என்று நேற்று மதினி போன் செய்தார். புதன்கிழமை காலை பஸ்ஸில் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள். ஆறு பேர். கடை வாசலிலேயே உட்காரப் போகிறார்களாம். கூட ஒரு கட்டுக் கயிறும் எடுத்து வருவதாகச் சொன்னார்.

“அது எதுக்கு மதினி?”

“சும்மா சாம்பிளுக்கு.”