நியூஜெர்சியைக் காட்டி டெக்ஸஸைத் தப்பவைக்க முடியாது

டெக்ஸஸில் நிலம் குலுங்குவதையும் எண்ணெய்த் தொழிலையும் இணைத்துப் பேசுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாம். சென்ற இதழில் தாலஸ் பொறியாளர் ஒருவர் அப்படித்தான் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதற்கு அவர் கூப்பிட்ட சாட்சிகள் நியூஜெர்சியும் கலிஃபோர்னியாவும். டெக்ஸஸிலிருந்து ஒரு சாட்சிகூட வரவில்லை.

2024 ஏப்ரல் 5 காலை நியூஜெர்சியில் 4.8 அளவில் நிலம் நடுங்கியதே, அங்கே எந்த எண்ணெய்க் கிணறு இருக்கிறது என்று கேட்கிறார். இல்லைதான். 1783-லும் அங்கே நிலநடுக்கம் வந்தது. அப்போது அமெரிக்காவில் எண்ணெய்த் தொழிலே பிறக்கவில்லை. இயற்கையாக நிலம் நடுங்காது என்று எந்த ஆய்வாளர் சொன்னார்? யாரும் சொல்லாததை மறுப்பது சுலபம், அதனால் அதிலேயே பாதிக் கட்டுரையை ஓட்டிவிட்டார்.

அவர் குடியிருக்கும் ஊருக்கே வருவோம். தாலஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தருகே 2008 செப்டம்பரில் எண்ணெய், எரிவாயுத் தொழிலின் கழிவுநீரை ஆழ்கிணற்றில் இறக்கத் தொடங்கினார்கள். அக்டோபர் கடைசியில் அங்கே நிலம் குலுங்கியது. 2013 நவம்பரில் ஏசில் பகுதியின் முறை. தற்செயல் என்பார். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நிலத்தடிப் பிளவுகளின் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆழத்திலுள்ள பழைய பாறை அடுக்குகள் முறிந்து விலகிக் கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே பிற்காலத்தில் படிந்த அடுக்குகள் முறியவே இல்லை. அதாவது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளாக அந்தப் பிளவுகள் அசையவில்லை. 2017-ல் இது வெளியானது. 30 கோடி ஆண்டு சும்மா கிடந்தது 2008 முதல் ஏன் நகர்ந்தது? இந்தக் கேள்வியின் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

பாறையை உடைக்கும் ஃபிராக்கிங்கால் பெரும்பாலும் நுண்ணிய அதிர்வுகள்தான் வரும் என்கிறார். பெரும்பாலும் சரிதான். ஆனால் முதல் குற்றவாளி வேறு. எண்ணெயோடு சேர்ந்து ஏராளமான உப்புநீர் மேலே வருகிறது. அந்தக் கழிவுநீரை மறுபடி ஆழத்தில் செலுத்தும்போது பாறை இடுக்குகளில் அழுத்தம் ஏறி, பிளவை இறுக்கிப் பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. சுடுநீரில் கழுவிய டம்ளரை ஈரமான மேடையில் கவிழ்த்தால், உள்ளேயிருக்கும் காற்று விரிந்து டம்ளர் தானாக வழுக்குமே, ஏறக்குறைய அந்தக் கணக்கு.

நிரூபணம் எங்கே என்று வேறு சவால். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நிரூபணம் இருக்கிறது, படித்திருக்கலாம். கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பு கிணறுகளில் நீரழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தது. ஏற்றினால் நடுக்கம் கூடியது. நீரை வெளியே இழுத்தால் அடங்கியது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி வந்தது. ஓக்லஹோமா இதையே மாநில அளவில் காட்டியது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்றிருந்த, 3 அளவுக்கு மேற்பட்ட நடுக்கங்கள் 2015-ல் 900-ஐத் தொட்டன. செலுத்தும் நீரைக் குறைத்ததும் எண்ணிக்கை சரிந்தது.

ஆயிரக்கணக்கான கிணறுகளில் ஒன்றும் நடக்கவில்லையே என்பது அடுத்த வாதம். இறுகி நிற்கும் பிளவு பக்கத்தில் இல்லாத கிணறு எதை அசைக்கும்?

கடைசி அஸ்திரம் கலிஃபோர்னியா. அங்குள்ள பார்க்ஃபீல்டில் 1993-க்குள் நிலநடுக்கம் வரும் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள், 2004-ல்தான் வந்தது. அடுத்தது எப்போது என்றே சொல்லத் தெரியாதவர்கள் காரணம் சொல்ல வந்துவிட்டார்களாம். நாள் குறிப்பது ஒரு கேள்வி, காரணம் கண்டுபிடிப்பது இன்னொரு கேள்வி. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் அடுத்த பெரிய நடுக்கத்துக்கு நாள் குறிக்க இன்றும் யாராலும் முடியாது. அதனால் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கருகே 1967 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற நிலநடுக்கத்துக்கும் நீர்த்தேக்கத்துக்கும் உள்ள தொடர்பு பொய்யாகிவிடுமா?

விஞ்ஞானிகள் மீது நம்பிக்கையில்லை என்றால் டெக்ஸஸ் ரயில்வே கமிஷனையாவது நம்பட்டும். (பெயர்தான் ரயில்வே, 2005-லேயே ரயில் அதன் கையைவிட்டுப் போய்விட்டது. எண்ணெயும் எரிவாயுவும்தான் அதன் ராஜ்ஜியம்.) எண்ணெய்த் துறையினரிடம் நன்கொடை வாங்கித் தேர்தலில் நிற்பவர்கள் நடத்தும் அமைப்பு அது, சுற்றுச்சூழல் இயக்கமல்ல. அந்தக் கமிஷனே 2021 டிசம்பரில், மிட்லண்ட் அருகே கார்டன்டேல் பகுதியில் ஆழ்கிணறுகளில் கழிவுநீர் இறக்குவதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. காரணம் என்று அது சொன்னது நிலநடுக்கத்தைத்தான்.